கடைசி வீட்டுக்கும் அதே வேகம்

கண்ணாடி இழைக் கேபிள் பிரதான சாலையோடு நின்றுவிட்டது. சாலையிலிருந்து மேட்டின் மீது ஏறிச் செல்லும் பாதையில் சிதறிக் கிடக்கும் எங்கள் 11 வீடுகளுக்கு அதை நீட்டித்துத் தர எந்த நிறுவனமும் முன்வரவில்லை. கைப்பேசி இணையமோ மாலை ஆறு மணிக்குமேல் ஒரு பக்கத்தைத் திறக்கவே திணறும். சாலையோரத்து வீட்டில் ஒரே ஓர் இணைப்பை வாங்கி, அதைக் கம்பியில்லா வலையமைப்பின் வழியே எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாம் என்ற எண்ணம் அப்படித்தான் பிறந்தது. அந்த வலையமைப்பு ஓடத் தொடங்கி இப்போது மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதை அமைத்த மாதங்களில் நான் கற்றவற்றுள் பெரும்பகுதி, பாதையின் முடிவில் இருக்கும் கடைசி வீட்டின் மூலமாகவே எனக்குக் கிடைத்தது.

கருவி எதையும் வாங்குமுன் நாங்கள் செய்த முதல் வேலை ஒப்பந்தங்களைப் படித்ததுதான். வீட்டு இணைப்புக்கான ஒப்பந்தங்களில் பெரும்பாலும், இணைப்பை அந்த வீட்டுக்கு வெளியே பகிரக் கூடாது என்ற நிபந்தனை எங்கோ ஒரு மூலையில் இருக்கும். முதலில் அணுகிய நிறுவனம் மறுத்துவிட்டது. இரண்டாவது நிறுவனம், வணிகப் பயன்பாட்டு இணைப்பாக எடுத்துக்கொண்டால் பகிரலாம் என்று எழுத்தில் கொடுத்தது. அந்த ஒரு கடிதத்துக்காக ஐந்து வாரங்கள் காத்திருந்தோம், அந்தக் காத்திருப்பு வீண் என்று ஒருபோதும் தோன்றியதில்லை. அலைவரிசை விதிகளையும் அப்போதே பார்த்துக்கொண்டோம். 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளை உரிமம் இல்லாமல் பயன்படுத்தப் பெரும்பாலான நாடுகள் அனுமதிக்கின்றன என்றாலும், எவ்வளவு ஆற்றலில் ஒலிபரப்பலாம், எந்தச் சேனல்களை வெளிப்புறத்தில் பயன்படுத்தலாம் என்பவை நாட்டுக்கு நாடு மாறுபடும். செலவைப் பங்கிட்டுக்கொள்வதும் இணையச் சேவையை விற்பதும் சட்டத்தின் பார்வையில் வெவ்வேறு என்பதால், நாங்கள் செய்யப்போவது எந்த வகை என்பதை ஒழுங்குமுறை அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெளிந்த பிறகே பணம் திரட்டினோம்.

நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். ஸ்பெயினிலுள்ள கேட்டலோனியாவின் ஒசோனா வட்டாரத்தில் 2004-இல் தொடங்கிய குய்ஃபி.நெட், இன்று 30,000-க்கும் மேற்பட்ட முனைகளை, அதாவது இணைப்புப் புள்ளிகளைக் கொண்ட பொது வலையமைப்பாக வளர்ந்திருக்கிறது. ஜெர்மனியின் ஃப்ரைஃபுங்க் என்ற சமூக வலையமைப்புக் குழு தன் தேவைக்காக உருவாக்கிய, தரவு எந்த வழியில் செல்ல வேண்டும் என்று தீர்மானிக்கும் பேட்மேன் என்ற வழிகாட்டு நெறிமுறைதான் எங்கள் முதல் அமைப்பிலும் ஓடியது. 2003-இல் லிங்க்சிஸ் நிறுவனத்தின் ரவுட்டர் ஒன்றின் மூல நிரல் வெளியிடப்பட்டதைத் தொடர்ந்து பிறந்த ஓப்பன்-டபிள்யூஆர்டி என்ற கட்டற்ற மென்பொருள் இல்லாமல், பழைய ரவுட்டர்களை இந்த வேலைக்கு நாங்கள் பழக்கியிருக்கவே முடியாது. முன்பின் தெரியாதவர்கள் எழுதிப் பகிர்ந்த நிரலும் குறிப்புகளும் எங்கள் கூரை வரை வந்து சேர்ந்ததை நினைக்கும்போது நன்றியுணர்வு மேலிடுகிறது.

முதல் அமைப்பு எளிமையானது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ரவுட்டர்; ஒவ்வொன்றும் அடுத்ததோடு 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசும். ஒன்று நின்றால் தரவு வேறு வழியில் சுற்றிக்கொண்டு போகும். இதைப் பின்னல் வலை என்கிறார்கள். ஒரு வார இறுதியில் எல்லாம் ஓடத் தொடங்கியது, எல்லோரும் மகிழ்ந்தோம். இரண்டாவது மாதக் கூட்டத்தில் கடைசி வீட்டு அம்மா எழுந்து, "நானும் எல்லோரையும் போலத்தானே பங்கு கொடுக்கிறேன், என் வீட்டில் மட்டும் ஏன் படம் அசையாமல் நிற்கிறது?" என்று கேட்டார். அன்று மாலையே வீடு வீடாகச் சென்று அளந்தேன். சாலையோரத்து வீட்டில் விநாடிக்கு 52 மெகாபிட் கிடைத்தது. ஒரு ரவுட்டரிலிருந்து அடுத்ததற்குத் தரவு செல்வது ஒரு தாவல்; நான்கு தாவல்கள் தாண்டி அவர் வீட்டை அடைந்தபோது அது 4 மெகாபிட்டாகச் சுருங்கியிருந்தது.

காரணம் எளியதுதான், ஆனால் அதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். ஒரே ரேடியோ ஒரே சேனலில் கேட்கவும் வேண்டும், கேட்டதைத் திருப்பி அனுப்பவும் வேண்டும். அது பேசும்போது கேட்க முடியாது. அருகிலுள்ள மற்றவையும் அந்நேரம் வாய்மூடிக் காத்திருக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறத்தாழப் பாதியாகிறது. பின்னல் வலை என்பது இணைப்பு அறுந்துபோகாமல் காக்கும் ஏற்பாடு. வேகத்தைச் சமமாகப் பங்கிடும் ஏற்பாடு அன்று. இந்த வேறுபாடு எனக்குப் புரிந்தது அந்தக் கேள்விக்குப் பிறகுதான். அந்த மாதம் முதல் எங்கள் வலையமைப்பின் வேகம் என்றால் அது கடைசி வீட்டில் அளந்த வேகம் என்று முடிவு செய்து, குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே அதை எழுதி வைத்தோம்.

மறுஅமைப்பில், வீடுகளுக்கிடையே தரவைக் கொண்டுசெல்வது, வீட்டுக்குள் கருவிகளுக்குக் கொடுப்பது என்ற இரண்டு வேலைகளையும் பிரித்தோம். சாலையோரத்து வீட்டுக்கும் மேட்டின் நடுவிலுள்ள உயரமான வீட்டுக்கும் இடையே, சுமார் 1 கிலோமீட்டர் தொலைவுக்கு, 5 கிகாஹெர்ட்ஸில் நேருக்கு நேர் பார்க்கும் இரண்டு திசை ஆன்டெனாக்களைப் பொருத்தினோம். நடுவீட்டின் மாடியிலிருந்து விரிந்த கோணத்தில் ஒலிபரப்பும் ஓர் ஆன்டெனா மற்ற வீடுகளுக்கு. கடைசி வீட்டுக்கு மட்டும் தனியாக ஒரு நேரடி இணைப்பு. வீட்டுக்குள் கைப்பேசிகள் பிடிக்கும் வைஃபை தனிச் சேனலில் இருப்பதால் பிரதான இணைப்போடு மோதுவதில்லை. இதனால் நான்கு தாவல்கள் இரண்டாகக் குறைந்தன. கடைசி வீட்டில் வேகம் 40 மெகாபிட்டைத் தாண்டியது.

ஏழு வாரங்களில் அது சரிந்தது. நாங்கள் பார்வைக்கோட்டை ஆய்வு செய்தபோது நடுவிலிருந்த பெரிய மரம் இலை உதிர்த்து நின்றது. கிளைகளுக்கு மேலே எதிர்க்கூரை தெளிவாகத் தெரிந்ததால் வழி திறந்திருக்கிறது என்று நம்பிவிட்டோம். தளிர்விட்டு, இலை அடர்ந்து, ஒரு மழையும் பெய்தபின் சமிக்ஞை 20 டெசிபலுக்கு மேல் விழுந்தது, அதாவது நூறில் ஒரு பங்குக்கும் கீழே போனது. ரேடியோ அலை கயிறு கட்டியதுபோல் ஒரே கோட்டில் மட்டும் செல்வதில்லை. இரண்டு ஆன்டெனாக்களுக்கும் இடையே, நடுவில் பருத்த ஒரு நீள்வட்டவெளி அதற்குத் தேவைப்படுகிறது. ஃப்ரெனெல் மண்டலம் என்று அதைச் சொல்கிறார்கள். 5.8 கிகாஹெர்ட்ஸில் 1 கிலோமீட்டர் தொலைவுக்கு நடுப்பகுதியில் அதன் ஆரம் ஏறத்தாழ 3.6 மீட்டர், அதில் 60 விழுக்காடாவது தடையின்றி இருக்க வேண்டும். ஈரமான இலை அந்த அலையை நன்றாகவே விழுங்கும். மரத்தை வெட்டலாம் என்ற பேச்சும் எழுந்தது. நான் அதற்கு உடன்படவில்லை; பலரும் உடன்படவில்லை. நடுவீட்டுக் கம்பத்தை 3 மீட்டர் உயர்த்தி, காற்றில் ஆடாதபடி மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினோம். மரம் இன்றும் நிற்கிறது.

சிறிய தவறுகளும் நேர்ந்தன. ஆன்டெனாக்களுக்கு மின்சாரம் நெட்வொர்க் கேபிள் வழியாகவே செல்கிறது. 24 வோல்ட் கருவியில் 48 வோல்ட் மின்வழங்கியைச் செருகி ஒன்றை எரித்தவன் நான். அதன்பிறகு ஒவ்வொரு மின்வழங்கியிலும் நிற நாடா ஒட்டினோம். முதல் இடிமழையில் இரண்டு வீடுகளில் கேபிள் செருகும் போர்ட்டுகள் கருகின. கம்பங்களுக்கு நில இணைப்பும், கேபிள்களுக்கு மின்னெழுச்சித் தடுப்பானும் அதற்குப் பிறகுதான் வந்தன. இரண்டையும் முதல் நாளே செய்திருக்க வேண்டும். தினமும் ஓரிரு முறை பிரதான இணைப்பு ஒரு நிமிடம் அறுந்ததற்குக் காரணம் தேட வெகுநாள் ஆயிற்று: 5 கிகாஹெர்ட்ஸின் சில சேனல்கள் ரேடார்களுக்கும் உரியவை, ரேடார் சமிக்ஞை கேட்டதாகக் கருதினால் கருவி உடனே விலகி, புதிய சேனலில் குறைந்தது 60 விநாடி காதுகொடுத்த பின்பே பேச வேண்டும் என்பது விதி. அந்தக் கட்டுப்பாடு இல்லாத சேனலுக்கு மாற்றியதும் தொல்லை தீர்ந்தது.

கம்பங்கள் நிலைத்தபின் மாலை நேரச் சிக்கல் வெளிப்பட்டது. ஒரு வீட்டில் படங்களை மேலேற்றத் தொடங்கினால் மற்ற வீடுகளில் குரல் அழைப்புகள் திக்கித் திணறின. மொத்த இணைப்பு 100 மெகாபிட் என்பதால் அளவு பற்றாக்குறை இல்லை. இணைப்பின் வாயிலில் தரவு நீண்ட வரிசையில் தேங்குவதுதான் காரணம். ஒரு சிறு தரவுப் பொட்டலம் போய்த் திரும்ப 600 மில்லிவிநாடிக்கு மேல் ஆனது. எல்லா வீடுகளும் இணையத்துக்குச் செல்லும் நுழைவாயில் ரவுட்டரில் கேக் (CAKE) என்ற வரிசை மேலாண்மை நிரலை நிறுவி, உச்ச வேகத்தை இணைப்பின் 90 விழுக்காட்டில் நிறுத்தினோம். அப்போது வரிசை நிறுவனத்தின் கருவியில் தேங்காமல் எங்கள் கட்டுப்பாட்டுக்கு வந்தது. காத்திருப்பு 40 மில்லிவிநாடிக்குள் அடங்கியது. வீட்டுக்குள் எத்தனை கருவிகள் இருந்தாலும், நுழைவாயிலிலிருந்து பார்த்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக ஒரு முகவரிதான். அந்த முகவரிவாரியாகப் பங்கிடும்படி நிரலுக்குச் சொன்னதால், எட்டுக் கருவிகள் இருக்கும் வீடும் ஒரே கைப்பேசி இருக்கும் வீடும் நெருக்கடி நேரத்தில் சமபங்கே பெறுகின்றன. யாரும் பயன்படுத்தாதபோது ஒருவரே முழுவேகத்தையும் எடுத்துக்கொள்ளலாம். அதிகம் பயன்படுத்துபவர் அதிகம் கொடுக்க வேண்டுமா என்று நான்கு கூட்டங்களாக ஓடிய வாதம் இந்த ஒரு மாற்றத்தோடு ஓய்ந்துவிட்டது; தரவை எண்ணிக் கணக்குப் பார்க்க வேண்டிய தேவையே எழவில்லை.

எண்ணாமல் இருப்பதற்கு வேறொரு நன்மையும் உண்டு. நுழைவாயிலைப் பராமரிப்பவர் நினைத்தால் யார் எந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்று பார்க்க முடியும். அயலார் ஒருவரின் கண்ணுக்கு முன்னால் வாழ்வது, தொலைவிலுள்ள நிறுவனத்தின் கண்ணுக்கு முன்னால் வாழ்வதைவிடக் கடினம். ஆகவே சட்டம் கேட்பதற்கு மேல் எந்தப் பதிவும் வைப்பதில்லை என்றும், நுழைவாயிலின் கடவுச்சொல் இருவரிடம் இருக்கும், ஒருவர் மாற்றம் செய்தால் மற்றவர் அதைப் பார்த்துக் குறிப்பேட்டில் ஒப்பமிட வேண்டும் என்றும் எழுதிக்கொண்டோம்.

எங்களுக்குள் எழுதிக்கொண்ட அந்த ஒப்பந்தம் ஒரே பக்கம்தான். சமூக வலையமைப்புகளுக்காக எழுதப்பட்ட பிகோ பியரிங் உடன்பாட்டைப் படித்து, தரவைத் தடையின்றிக் கடந்துபோக விடுவது, அமைப்பின் விவரங்களை வெளிப்படையாக வைப்பது ஆகிய கொள்கைகளை அதிலிருந்து எடுத்துக்கொண்டோம். மற்றவை எங்கள் சண்டைகளிலிருந்து வந்தவை. கம்பம் இருக்கும் வீட்டார் விலக விரும்பினால் மூன்று மாதம் முன்பே சொல்ல வேண்டும். மாதப் பங்கில் பத்தில் ஒன்று பழுதுபார்ப்பு நிதிக்குப் போகும். பங்கு கொடுக்க முடியாத மாதத்தில் எந்த வீட்டின் இணைப்பும் துண்டிக்கப்படாது. அதை நிதி ஏற்கும், எந்த வீடு என்பது கணக்கில் எழுதப்படாது. இந்தக் கடைசி விதிக்கு எதிராக இருவர் கடுமையாகப் பேசினார்கள். பின்னர் அந்த இருவரில் ஒருவருக்கே அது தேவைப்பட்டது.

கடைசி வீட்டு அம்மாதான் இப்போது குறிப்பேட்டைப் பொறுப்பேற்று வைத்திருக்கிறார். ஒவ்வொரு ஞாயிறு மாலையும் தம் வீட்டில் வேகத்தை அளந்து எழுதுகிறார். சென்ற வாரத்து எண் 43. அவருடைய வீட்டுக்கு அப்பால், மேட்டின் மறுபக்கச் சரிவில் புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது, அவர்களும் சேர விரும்புகிறார்கள். கம்பத்தை எங்கே நடுவது என்று பார்க்க அடுத்த வாரம் போகலாம் என்றேன். மரங்கள் இப்போது மொட்டையாக இருக்கின்றன, இலை வரட்டும், அதன்பிறகு போகலாம் என்று அவர் சொல்லிவிட்டார்.