நெட் இல்லாமலும் திறக்கும் பக்கம்

உதவிப் பக்கங்களை ஹெச்டிஎம்எல்லாக, அதாவது வலைப்பக்கக் கோப்புகளாக, ஆப்புக்குள்ளேயே வைத்து அனுப்புவது எனக்கு ரொம்பப் பிடித்த வழி. சிக்னலே இல்லாத இடத்திலும் சட்டென்று திறக்கும்.

ஃப்ளட்டர் என்ற கருவியில் ஆப் செய்பவர்களுக்கு ஒன்று: ஆப்பின் அமைப்புகளை எழுதும் பப்ஸ்பெக் கோப்பில் ஒரு ஃபோல்டரைக் குறித்தால், அதில் நேரடியாக இருக்கும் கோப்புகள் மட்டுமே ஆப்பில் சேரும். உள்ளே இருக்கும் சிஎஸ்எஸ் (பக்கத்தின் அலங்காரம்), பட ஃபோல்டர்களைத் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். எழுத்து மட்டும் தெரிந்து அலங்காரம் காணாமல் போனால் முதலில் இதைப் பாருங்கள்.

பக்கத்தில் உள்ள ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஃபெட்ச் என்ற கட்டளை மூலம் அருகிலுள்ள ஜேசன் (தரவு) கோப்பைக் கேட்கும்போதுதான் சிக்கல். பக்கம் ஃபைல் முகவரியில் (file://) திறந்திருந்தால் வெப்வியூ, அதாவது ஆப்புக்குள் வலைப்பக்கத்தைக் காட்டும் பகுதி, அதைத் தடுத்துவிடும். உடனே வெப்வியூவின் எல்லாக் கோப்பு அனுமதிகளையும் திறந்துவிடாதீர்கள், ப்ளீஸ். வெளிப்பக்கம் ஒன்று உள்ளே நுழைந்தால் ஆப்பின் கோப்புகளைப் படித்துவிடலாம். இதற்கென்றே ஆண்ட்ராய்டில் வெப்வியூ அசெட் லோடர் இருக்கிறது. அதே கோப்புகளை ஹெச்டிடிபிஎஸ் முகவரியில் கொடுக்கும், அதனால் ஃபெட்ச் தடைபடாது.