மைக்ரோபைத்தான் ஃபர்ம்வேரில் எல்விஜிஎல் சேர்த்தேன்: புராஜெக்ட் செய்யப்போகிறவர்களுக்கு என் அனுபவம்

இறுதி ஆண்டு புராஜெக்டுக்கு நான் எடுத்துக்கொண்டது ஓர் இஎஸ்பி32 போர்டும் (சிறிய மைக்ரோகண்ட்ரோலர் போர்டு) 320×240 பிக்சல் தொடுதிரையும். பட்டன், ஸ்லைடர், வரைபடம் எல்லாவற்றையும் மைக்ரோபைத்தானிலிருந்தே, அதாவது இதுபோன்ற சிறு போர்டுகளில் ஓடும் பைத்தானிலிருந்தே, இயக்க வேண்டும். முழுக்கப் பைத்தானில் எழுதிய டிரைவரால் எழுத்தும் கோடும் வந்தன. ஆனால் ஒரு பட்டியலை விரலால் தள்ளினால் திரை திணறியது. பட்டன், பட்டியல் போன்றவற்றைத் திரையில் வரைந்து தரும், சி மொழியில் எழுதப்பட்ட எல்விஜிஎல் லைப்ரரியை, போர்டில் ஓடும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேருக்குள்ளேயே சேர்க்கலாம் என்று அப்போதுதான் முடிவெடுத்தேன்.

கணினியில் செய்வதுபோல ஒரு கட்டளையில் நிறுவிவிட முடியாது. இவ்வளவு பெரிய சி லைப்ரரி என்றால் மைக்ரோபைத்தானின் மூலநிரலோடு சேர்த்துக் கம்பைல் செய்து, புது ஃபர்ம்வேராகவே போர்டில் ஏற்ற வேண்டும். இங்கே எதை முதலில் செய்கிறோம் என்பதுதான் முக்கியம். நான் எடுத்த எடுப்பிலேயே எல்விஜிஎல்லைச் சேர்த்துக் கம்பைல் செய்தேன். நூற்றுக்கணக்கான வரிகளில் பிழைகள் வந்தன. தவறு லைப்ரரியிலா, கம்பைலரிலா, என் அமைப்பிலா என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லை. ஒரு வாரம் அதிலேயே போனது.

பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, எதையும் சேர்க்காத வெறும் மைக்ரோபைத்தானை மட்டும் கம்பைல் செய்தேன். முதலில் பைத்தான் நிரலை முன்கூட்டியே பைட்கோடாக மாற்றும் எம்பிஒய்-கிராஸ் கருவியைக் கட்ட வேண்டும், அப்புறம் சப்மாட்யூல்களை (மூலநிரலுக்குத் தேவையான பிற லைப்ரரிகளை) இறக்க வேண்டும், அதன் பிறகே ஃபர்ம்வேர். இஎஸ்பி32-க்கு நிரல் கட்ட உதவும் கருவித்தொகுப்பான இஎஸ்பி-ஐடிஎஃப் எந்தப் பதிப்பு வேண்டும் என்பது மைக்ரோபைத்தானின் இஎஸ்பி32 அடைவில் உள்ள ரீட்மீ கோப்பில் இருக்கும். புதியது கிடைக்கிறதே என்று அதை மாற்றாதீர்கள். கட்டிய ஃபர்ம்வேரை ஏற்றி, ஆர்இபிஎல்லில் (கட்டளையைத் தட்டியதும் பதில் தரும் பைத்தான் திரை) ஒரு பிரிண்ட் வேலை செய்வதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

அடுத்தது, நீங்களே ஒரு சின்ன சி மாட்யூலைச் சேர்ப்பது. மைக்ரோபைத்தான் மூலநிரலின் எடுத்துக்காட்டுகளில் இரண்டு எண்களைக் கூட்டும் ஒரு மாதிரி மாட்யூல் இருக்கிறது. இதைத் தாண்டிப் போகாதீர்கள் என்று உண்மையாகவே கேட்டுக்கொள்கிறேன். பைத்தான் எண் எப்படி சி எண்ணாக மாறுகிறது, மாட்யூலின் பெயர் எங்கே பதிவாகிறது, இஎஸ்பி32 போர்டுக்கு ஏன் எதைக் கம்பைல் செய்ய வேண்டும் என்று சொல்லும் சிமேக் கோப்பு வேண்டும் என்பதெல்லாம் அந்தச் சில வரிகளில் விளங்கிவிடும். எல்விஜிஎல்லைப் பைத்தானோடு இணைக்கும் பைண்டிங்கும் இதே வேலையைத்தான் பெரிய அளவில் செய்கிறது. ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எல்விஜிஎல்லின் ஹெடர் கோப்புகளைப் படித்து, ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் இடைப்பட்ட சி நிரலைத் தானாக எழுதித் தருகிறது.

எல்விஜிஎல்லுக்கு வரும்போது பதிப்பு எண்ணைப் பாருங்கள். 8-லிருந்து 9-க்கு வந்தபோது டிஸ்ப்ளேயைப் பதிவு செய்யும் முறையே மாறிவிட்டது, பல பெயர்களும் மாறின. பழைய எடுத்துக்காட்டைப் புதிய பதிப்பில் ஓட்டினால் டிஸ்ப்ளேயைப் பதிவு செய்யும் இடத்திலேயே நிற்கும். போர்டுக்குப் போகும் முன் யூனிக்ஸ் போர்ட்டில் (கணினியிலேயே ஓடும் மைக்ரோபைத்தான் வடிவம்) கட்டிக் கணினித் திரையிலேயே வடிவமைப்பைச் சோதிக்கலாம். அது நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும்.

கம்பைல் முடிந்ததும் எனக்கு வந்த அடுத்த தடை, ஆப் பார்ட்டிஷனில் (ஃபிளாஷில் ஃபர்ம்வேருக்கு ஒதுக்கிய பகுதி) இடம் போதவில்லை என்ற பிழை. 4 எம்பி ஃபிளாஷ் உள்ள போர்டில் ஃபர்ம்வேருக்கு 1,984 கேபி, கோப்புகளுக்கு 2 எம்பி என்றுதான் வழக்கமான பங்கீடு. எல்விஜிஎல்லின் அமைப்புகள் இருக்கும் எல்வி-கான்ஃப் கோப்பில் தேவையில்லாத எழுத்துருக்களையும் விட்ஜெட்களையும் அணைத்தேன், அதுவே போதுமானதாக இருந்தது. போதாவிட்டால் பார்ட்டிஷன் அட்டவணையை மாற்றலாம். ஆனால் போர்டில் இருக்கும் கோப்புகளை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நினைவகம் தனிக் கதை. 320×240 பிக்சலுக்கு, பிக்சலுக்கு 2 பைட் என்றால் ஒரு முழுத் திரைக்கு 1,53,600 பைட். இஎஸ்பி32-இன் மொத்த உள் ரேமே 520 கேபிதான், அதிலும் பெரும்பங்கு வேறு வேலைகளுக்குப் போய்விடும். திரையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 15,360 பைட் பஃபர் (வரைவதற்கான தற்காலிக நினைவிடம்) வைத்தாலே எல்விஜிஎல் துண்டு துண்டாக வரைந்துகொள்ளும்.

என்னை அதிகம் அலைக்கழித்த பிழை இந்தப் பஃபரில்தான் இருந்தது. டிஸ்ப்ளே டிரைவரை நானே சி-யில் எழுதியிருந்தேன். பைத்தான் ஃபங்ஷனுக்குள் உருவாக்கிய பைட்அரேயின் முகவரியை ஒரு ஸ்டாட்டிக் மாறியில் வைத்திருந்தேன். சில நிமிடம் அருமையாக ஓடும், பிறகு திரையில் புள்ளிகள் தெறிக்கும், கடைசியில் போர்டு ரீசெட் ஆகும். காரணம், பயன்படாத நினைவகத்தைத் தானாக விடுவிக்கும் கார்பேஜ் கலெக்டர். அது ஸ்டாக்கையும், ‘இது பயன்பாட்டில் இருக்கிறது’ என்று பதிவு செய்யப்பட்ட ரூட் பாயிண்டர்களையும் தேடும், நம் ஸ்டாட்டிக் மாறிகளைத் தேடாது. பஃபரை யாரும் பயன்படுத்தவில்லை என்று நினைத்து அந்த இடத்தை வேறொன்றுக்குக் கொடுத்துவிடுகிறது. பாயிண்டரை ரூட் பாயிண்டராகப் பதிவு செய்ததும் சரியானது. இப்படி ஒரு சந்தேகம் வந்தால் கார்பேஜ் கலெக்டரை உடனே ஓட்டும் ஜிசி கலெக்டை நீங்களே ஒவ்வொரு சுற்றிலும் அழைத்துப் பாருங்கள். சில நிமிடம் கழித்து வரும் பிழை உடனே வெளியே வரும்.

நிறங்கள் தவறாக வந்தால் சிவப்பை வைத்துச் சோதிக்காதீர்கள், பச்சையை வையுங்கள். பைட் வரிசை மாறியிருந்தாலும் சிவப்பு நீலமாகத்தான் தெரியும், சிவப்பும் நீலமும் இடம் மாறியிருந்தாலும் நீலமாகத்தான் தெரியும். பச்சை பச்சையாகவே இருந்தால் டிஸ்ப்ளேயின் பிஜிஆர் பிட்டை (சிவப்பு-நீல வரிசையைத் தீர்மானிக்கும் அமைப்பு) மாற்ற வேண்டும். பச்சை சிவப்பாகத் தெரிந்தால் 16 பிட்டின் இரண்டு பைட்டுகளும் இடம் மாறியிருக்கின்றன. கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தால் நிறங்களைத் தலைகீழாக்கும் இன்வர்ஷன் அமைப்பைப் பாருங்கள். இதை நான் தாளில் பிட் பிட்டாக எழுதிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

வைவாவில் திரை அழகாக இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. “லேபிளின் எழுத்தை மாற்றும் இந்த ஒரு பைத்தான் வரி, திரையில் பிக்சலாக மாறும் வரை என்ன நடக்கிறது, சொல்லுங்கள்” என்றார்கள். கூட்டல் மாட்யூலைக் கையால் செய்திருந்ததால் பைண்டிங், மாற்ற வேண்டிய பகுதியைக் குறித்துவைப்பது, அதை வரையத் தூண்டும் டைமர் ஹேண்ட்லர், வரைந்ததைத் திரைக்கு அனுப்பும் ஃப்ளஷ் கால்பேக், திரைக்குத் தரவு போகும் எஸ்பிஐ இணைப்பு என்று தடங்கலின்றிச் சொல்ல முடிந்தது. அடுத்து, வேறொரு கணினியில் இதே ஃபர்ம்வேரை மறுபடி கட்ட முடியுமா என்று கேட்டார்கள். மைக்ரோபைத்தான், எல்விஜிஎல், பைண்டிங் மூன்றின் கமிட் எண்களையும் (மூலநிரலின் எந்த நிலையைப் பயன்படுத்தினேன் என்று காட்டும் அடையாளங்கள்) ஐடிஎஃப் பதிப்பையும் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.