அங்கன்வாடிக்குப் போன நாலு நாள் கூலி

என் கைரேகை எந்த மெஷினிலும் விழாது. பத்து வருஷமாகக் கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறிக்கிறேன். கட்டைவிரல் தேய்ந்துபோய், வெடிப்புகளில் தேயிலைக் கறை கறுப்பாக ஏறிக் கிடக்கிறது.

வேலை பார்ப்பது சின்ன விவசாயி ஒருவரின் தோட்டத்தில். ஐம்பது பெண்கள் இருக்கும் எஸ்டேட் என்றால் பழைய 1951 தோட்டத் தொழிலாளர் சட்டப்படி பிள்ளைக் காப்பகம் வைத்தே ஆகவேண்டும் என்று இருந்தது. நாங்கள் மொத்தமே ஆறு பேர். பாப்பாவுக்கு 2 வயது முடியும்வரை மாமியார்தான் பார்த்துக்கொண்டார். அங்கன்வாடியில் சத்துமாவு வாங்கியதோடு சரி.

சேர்க்கப் போனால், "பிள்ளையோட ஆதார் கொண்டு வாம்மா" என்றார்கள். அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். எடுத்துப் பார்த்தால் பெயர் இருக்கவேண்டிய இடம் காலி! ஊராட்சியில் மத்தியானம் வரை உட்காரவைத்துவிட்டு, "பிறந்தது குன்னூர்தானே, அங்க போங்க" என்றார் ஒருவர். காலையிலேயே சொல்ல வாய் வரவில்லை. பெயர் சேர்ப்பதெல்லாம் பிறந்த இடத்தில்தான். 12 மாதத்துக்குள் போனால் காசில்லை, தாண்டினால் தாமதக் கட்டணம். குன்னூரில் வேலை சட்டென்று முடிந்தது.

ஆதாருக்கு 5 வயதுக்குள் பிள்ளையின் ரேகை எடுப்பதில்லை, அப்பாவோ அம்மாவோ வைக்கவேண்டும். வீட்டுக்காரர் திருப்பூரில். என் பத்து விரலையும் வைத்துப் பார்த்தார்கள், ஒன்றும் ஏறவில்லை. "நல்லா கழுவிட்டு நாளைக்கு வாங்க." ராத்திரி எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தேன், எரிச்சல்தான் மிச்சம். மறுநாளும் அதே கதை. பின்னால் நின்ற காலேஜ் பையன்தான், "கண்ணை ஸ்கேன் பண்ணுங்கண்ணா" என்றான். ஒரே நிமிஷம்! கொழுந்து பறிக்கிற அக்காமாரே, போனதும் கருவிழியைக் கேளுங்கள்.

பாப்பாவின் நீல நிற ஆதாரை அங்கன்வாடியில் காட்டியபோது அங்கே வந்திருந்த மேற்பார்வையாளர், "அம்மா ஆதாரே போதுமே, 2022லயே சொல்லிட்டாங்களே" என்றார். சத்துமாவு இத்தனை நாள் வந்ததும் என் ஆதாரில்தானாம்.

பாப்பா இப்போது போகிறாள், முட்டை போடும் நாளில் அழுவதில்லை. ஆனால் சாயங்காலம் கொழுந்து எடை போட்டு முடிந்து நான் வருவதற்குள் அங்கன்வாடி மூடிவிடும். மாமியார் முட்டிவலியோடு மேடேறிப் போய்க் கூட்டிவருகிறார். மத்திய அரசின் பால்னா திட்டக் காப்பகம் என்றால் 6 மாதக் குழந்தையிலிருந்து, நாளைக்கு ஏழரை மணி நேரம் பார்த்துக்கொள்வார்கள். அது எங்களுக்கும் வேண்டுமென்று மனு எழுதி ஆறு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். திங்கட்கிழமை ஊட்டிக்குப் போய்க் கொடுக்கவேண்டும். அன்றைக்குக் கூலி யார் விடுவது என்றுதான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.