குதிரைக்கு லாடம், எனக்கு பூட்ஸ்

மன்னார்குடிப் பக்கம் சேற்று வயலில் முழங்கால் புதைய நடந்து வளர்ந்தவன் என்ற செருக்கில், இங்கிலாந்தின் சசெக்ஸில் என் மகள் பராமரித்து வரும் குதிரையைக் குளிர்காலம் முழுவதும் காலை வேளைகளில் மேய்ச்சலுக்கு விடும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். அதற்கு மகள் வைத்தது ஆங்கிலப் பெயர். எனக்கு அவள் செவலைதான்.

சசெக்ஸ் வட்டார வழக்கில் சேற்றுக்கு மட்டும் 30-க்கும் மேற்பட்ட சொற்கள் உண்டு என்பார்கள். களி கிண்டிய பதத்தில் இருந்தால் 'ஸ்டாட்ஜ்', அழுகிக் கறுத்திருந்தால் 'கப்பர்'. அங்குள்ள களிமண்ணில் ஒரு டிசம்பர் மாதத்தைக் கழித்த பிறகு, 30 சொற்கள் போதாது என்றே எனக்குப் பட்டது.

சேறாக இருந்தால் லாயத்திலேயே கட்டிப்போடலாமே என்று முதலில் கேட்டவன் நான்தான். நாள் முழுவதும் நின்றால் கால் வீங்கும், குடல் மந்தமாகும், அதைவிட முக்கியமாகக் கதவை உதைத்தே பிளந்துவிடும் என்றார் லாயத்துக்காரம்மா.

குதிரைகள் மேயும் வயல் முழுவதும் ஒரே மாதிரி சேறில்லை. வைக்கோலும் வீடும் வாசல் வழியாகத்தான் வரும் என்று குதிரைகளுக்குத் தெரியுமாதலால், மாலை 3 மணிக்கே எல்லாம் வாசலில் வந்து நின்றுவிடுகின்றன. ஒவ்வொன்றும் 500 கிலோ எடையில் மிதிக்க மிதிக்க, மண் இறுகி, நீர் இறங்க வழியின்றி, வாசல் மட்டும் குளமாகிவிடுகிறது. போன ஆண்டு அங்கே கொட்டிய மரச்சிராய், மக்கித் தானும் சேறாகிப் போயிருந்தது.

அந்த வாசலில்தான் என் வலது பூட்ஸ் மாட்டிக்கொண்டது. வெறுங்காலைச் சேற்றிலிருந்து உருவுவது எங்களுக்குக் கைவந்த கலை. ஆனால் ரப்பர் பூட்ஸை உள்ளிருந்து உறிஞ்சும் சேற்றிடம் அந்த வித்தை பலிக்கவில்லை. கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை. நான் காலுறையுடன் கொக்குபோல் நின்ற அந்த நொடியில் செவலையும் முன்னங்காலைச் சேற்றிலிருந்து எடுக்கத் தாமதித்தாள். பின்னங்கால் வந்து அதன் லாடத்தை மிதித்தது. 'ப்ளக்' என்று ஒரு சத்தம். லாடம் போயிற்று. தலைக்கயிறு என் கையைவிட்டுப் போனதும் அவள் சேற்றிலேயே படுத்து, குளிருக்காக அவள் முதுகில் கட்டியிருந்த, முதல்நாள்தான் துவைத்து வந்த போர்வையோடு, இரண்டு பக்கமும் நிதானமாகப் புரண்டாள்.

ஈரச் சேற்றைக் கழுவக் கூடாது, தோல் ஊறிப் புண்ணாகும், காயவைத்துத்தான் பிரஷ் போட வேண்டும் என்பது அங்கே விதி. ஆகவே நாங்கள் இருவரும் காய்வதற்காக லாயத்தில் காத்திருந்தோம்.

மாலையில் பக்கத்து வீட்டுக்காரர் உலோகம் தேடும் கருவியுடன் வந்து, அந்த வாசலில் மூன்று லாடங்களைக் கண்டெடுத்தார். மூன்றும் துருப்பிடித்தவை, ஒன்றுகூடச் செவலையுடையதில்லை. பூட்ஸில் உலோகம் கிடையாது என்பதால் அதை மறுநாள் மண்வெட்டியால் நானேதான் தோண்டினேன்.