600 என்று எழுதிய 31 வரிகள்

என் லேப் நோட்டில் அடுத்தடுத்து 31 வரிகளில் வெப்பநிலை 600 டிகிரி என்று எழுதியிருக்கிறது. ஒன்றுகூட உண்மை இல்லை.

சூடான எஃகை அதிவேகமாக அடித்து, அது எவ்வளவு எதிர்க்கிறது என்று அளப்பது என் வேலை. அதற்கான கருவிக்கு ஹாப்கின்சன் பார் என்று பெயர். 1914-இல் பெர்ட்ராம் ஹாப்கின்சன் ஒற்றைக் கம்பியில் தொடங்கியதை, 1949-இல் ஹெர்பர்ட் கோல்ஸ்கி இரண்டாகப் பிரித்து நடுவில் சாம்பிளை வைத்தார். இன்றும் அதே அமைப்புதான். 16 மி.மீ. விட்டத்தில் நீளமான இரண்டு எஃகுக் கம்பிகள். நடுவே சட்டைப் பொத்தான் அளவில், 8 மி.மீ. விட்டமும் 4 மி.மீ. தடிமனும் உள்ள எஃகுத் துண்டு. காற்றழுத்தத்தில் பாய்ந்து வரும் 30 செ.மீ. நீள மோதுகம்பி, அதாவது ஸ்ட்ரைக்கர், முதல் கம்பியின் பின்முனையில் நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் மோதும். அந்த அடி ஓர் அலையாகக் கம்பிக்குள் நொடிக்குச் சுமார் 5 கி.மீ. வேகத்தில் ஓடும். சாம்பிளைத் தொட்டதும் கொஞ்சம் திரும்பி வரும், மிச்சம் அடுத்த கம்பிக்குள் போகும். திரும்பியது, சாம்பிள் எவ்வளவு வேகமாக நசுங்கியது என்று சொல்லும். கடந்து போனது, எவ்வளவு எதிர்த்தது என்று சொல்லும். இரண்டையும் கம்பிகளில் ஒட்டிய ஸ்ட்ரெயின் கேஜ்கள், அதாவது கம்பி நுணுக்கமாக நீள்வதையும் சுருங்குவதையும் அளக்கும் உணரிகள், பிடித்துத் தரும்.

எல்லாம் 120 மைக்ரோ நொடியில் முடிந்துவிடும். அதற்குள் 4 மி.மீ. துண்டு சுமார் 3 மி.மீ. ஆகியிருக்கும். சாதாரண அழுத்தச் சோதனை இயந்திரத்தில் இதே நசுக்கலை மெதுவாகச் செய்தால் நான்கு நிமிடம்கூட ஆகும்.

சரி, சூடு. கம்பிகளோடு சேர்த்துச் சூடாக்கினால் கம்பிக்குள் ஒரு முனை சூடு, மறுமுனை குளிர் என்று ஆகி அலையின் கணக்கே கெட்டுவிடும். அதனால் சாம்பிளை மட்டும் மெல்லிய கம்பியில் கட்டி, குட்டி உலைக்குள் தொங்கவிட்டுச் சூடாக்குவோம். 600 வந்ததும் நான் கையால் கம்பிகளை உள்ளே தள்ளுவேன். டெக்னீஷியன் அண்ணன் ஸ்ட்ரைக்கரை ஏவும் காற்று வால்வைத் திறப்பார். டமால்.

முடிவுகள் அழகாக வந்தன. மெதுவான சோதனையைவிட எஃகு நன்றாகவே அதிகம் எதிர்த்தது. வேகமாக அடித்தால் உலோகம் கூடுதல் பலம் காட்டும் என்பது தெரிந்த விஷயம்தானே? நானும் நம்பினேன். தப்பு அந்த உண்மைக்குப் பின்னால் சௌகரியமாக ஒளிந்துகொண்டது.

ஒரு நாள் அண்ணன் கேட்டார்: “தம்பி, நீங்க தள்ளினதுக்கும் நான் திறக்கறதுக்கும் நடுவுல சாம்பிள் சும்மா சூடாகாத கம்பியைத் தொட்டுக்கிட்டுத்தானே இருக்கு?”

ஒரு சாம்பிளின் பக்கவாட்டில் துளை போட்டு, நடுவரை தெர்மோகப்பிள் என்னும் வெப்பநிலை உணரியைச் செருகி, ஸ்ட்ரைக்கர் இல்லாமல் அதே நாடகத்தை நடத்திப் பார்த்தோம். கம்பிகள் தொட்டன. திரையில் 600 சரியத் தொடங்கியது. ஒரே நொடியில் 200 டிகிரிக்கு மேல் காணோம். இத்தனைக்கும் அது நடுப்பகுதியின் அளவு. கம்பியைத் தொடுகிற முகங்கள் இன்னும் குளிர்ந்திருக்கும். இரு முகங்களிலும் குளிர்ந்து இறுகிய, நடுவில் மட்டும் இளகிய ஒரு துண்டைத்தான் இத்தனை நாளும் அடித்திருக்கிறேன்.

இப்போது கையால் தள்ளுவதில்லை. சிறிய காற்று சிலிண்டர்கள் கம்பிகளைத் தள்ளுகின்றன. ஸ்ட்ரைக்கர் முன்பே கிளம்பிவிடுகிறது. தொட்ட சில மில்லி நொடிகளில் அடி விழுகிறது. இந்த நேரத்தை ஒத்திசைக்கவே மூன்று வாரம் போனது. முதல் சில தடவை கம்பி வந்து சேருவதற்குள் அடி விழுந்து, சாம்பிள் உலைக்குள் எங்கோ பறந்தது.

இதிலும் ஒரு வேடிக்கை. நசுக்கும் வேலையில் பெரும்பகுதி, வழக்கமாக 90 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், வெப்பமாக மாறிவிடும். 120 மைக்ரோ நொடியில் அது வெளியே ஓட நேரம் ஏது? என் எஃகில் கணக்குப் போட்டால் 25 முதல் 30 டிகிரி ஏறுகிறது. ஆக 600-இல் தொடங்கும் சோதனை 600-இல் முடிவதில்லை. நோட்டில் இப்போது ‘தொடக்க வெப்பநிலை’ என்றுதான் எழுதுகிறேன்.

எஃகின் எதிர்ப்பைக் காட்டும் புது வரைகோடுகள் பழையவற்றைவிடத் தெளிவாகக் கீழே இறங்கிவிட்டன. அந்த 31 வரிகளையும் ஸ்கேல் வைத்து அடித்தேன். நசுங்கிய துண்டுகளை மட்டும் எறிய மனசு வரவில்லை. ஒரு டப்பாவில் போட்டு, மூடியில் ‘எவ்வளவு டிகிரி என்று கேட்காதீர்கள்’ என்று அண்ணன் எழுதி ஒட்டியிருக்கிறார்.