26 சென்டிமீட்டர்

நவம்பர் 4, கோத்தகிரி
விடாத மழை. பள்ளிக்கு விடுமுறை. எட்டாம் வகுப்புக் கணக்கு நோட்டோடு மகள் அடுப்பங்கரையில் வந்து உட்கார்ந்தாள். 4-இன் கனம் 12 என்று எழுதியிருந்தாள்.

"மேலே 3 இருக்குல்லம்மா? நாலு மூணு பன்னெண்டுதானே?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் குட்டி 3 தானாக வந்து பெருக்குவதில்லை. 4-ஐ எத்தனை தடவை எழுதிப் பெருக்க வேண்டும் என்று சொல்கிறது. 4 × 4 × 4, அதாவது 64. தலையாட்டினாள். புரியவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

"கனம்னா பாரம்தானே? எண்ணுக்கு ஏதும்மா பாரம்?"

நவம்பர் 5
பெரிய உருளைக்கிழங்கு ஒன்றை ஆறு பக்கமும் சமமாகச் சீவி, பீட்ரூட் சாற்றில் ஊறப் போட்டேன். நன்றாகச் சிவந்ததும் துடைத்துவிட்டு நீளம், அகலம், உயரம் மூன்றிலும் மும்மூன்றாக வெட்டினோம். ஓர் அடுக்குக்கு 9 துண்டு, மூன்று அடுக்குக்கு 27. அப்புறம் அவளே பிரித்து வைத்தாள். மூலைத் துண்டுகள் 8, மூன்று பக்கம் சிவப்பு. ஓரத்துத் துண்டுகள் 12, இரண்டு பக்கம். முகத்தின் நடுவே இருந்தவை 6, ஒரு பக்கம் மட்டும். மிச்சம் ஒன்று, எந்தப் பக்கமும் சிவக்காதது. அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"இது உள்ளேயே இருந்திருக்கும்மா."

நோட்டில் எழுதியிருந்தால் அந்த ஒரு துண்டு அவள் கண்ணில் பட்டிருக்காது.

நவம்பர் 7
மின்சாரம் இல்லை. கணக்கும் இல்லை.

நவம்பர் 8
மழை விட்டது. எங்கள் தொட்டி எல்லாப் பக்கமும் 1 மீட்டர். 1000 லிட்டர் பிடிக்கும். கோடையில் போதவில்லை. இரண்டு மடங்கு தண்ணீர் வேண்டுமென்று, வீட்டுக்கு மேலே மேட்டில் 2 மீட்டருக்கு அவர் முளைக்குச்சி அடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அது ரெண்டு மடங்கு இல்ல. எட்டு மடங்கு."

8000 லிட்டர். லிட்டருக்கு ஒரு கிலோ என்றால் தண்ணீர் மட்டுமே 8 டன். ஊறிக் கிடக்கும் சரிவில், எங்கள் தலைக்கு மேலே. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்ததை நாங்கள் மறக்கவில்லை. அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். எண்ணுக்கு ஏது பாரம் என்று கேட்டவள்தான் அதைச் சொன்னாள்.

நவம்பர் 9
2000 லிட்டருக்குப் பக்கம் எவ்வளவு? போட்டுப் போட்டுப் பார்த்தாள். 120 சென்டிமீட்டருக்கு 1728 லிட்டர். (அதற்கு அடுத்த எண் ராமானுஜனின் 1729. 12, 1 இரண்டின் கனங்களைக் கூட்டினாலும் அதுதான்; 9, 10 இரண்டின் கனங்களைக் கூட்டினாலும் அதுவே வரும் என்றேன். உடனே கூட்டிப் பார்த்தாள்.) 130-க்கு 2197. 125-க்கு 1953. 126-க்குச் சரியாக 2000-ஐ ஒட்டி வந்தது. ஒவ்வொரு பக்கமும் 26 சென்டிமீட்டர் கூட்டினால் போதும்!

சாயங்காலம் மேட்டுக் குச்சிகளை எல்லாம் பிடுங்கினார். வீட்டுக்குப் பக்கவாட்டில், பாறை தெரியும் இடத்தில் டேப்பின் ஒரு முனையை அவளிடம் கொடுத்து, 126-இல் முதல் குச்சியை அடித்தார்.