ஒரே கட்டளையில் மங்கல் பின்னணி: எஃப்எஃப்எம்பெக் ஃபில்டர் கிராஃப் செய்து பார்த்தது

போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த வீடியோவை அகலத் திரையில் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். அந்த இடத்தில் அதே படத்தைப் பெரிதாக்கி, மங்கலாக்கிப் பின்னால் விரிப்பது செய்திச் சேனல்களில் தினமும் பார்ப்பதுதான். எடிட்டிங் மென்பொருள் எதையும் திறக்காமல், கட்டளை கொடுத்து வீடியோவை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் என்ற கருவியில் ஒரே கட்டளையாக அதைச் செய்ய முடிகிறதா என்று பார்த்தேன். முடிகிறது.

ஒற்றை வீடியோவுக்குச் சாதாரண வீடியோ ஃபில்டர் ஆப்ஷனே போதும். ஒரு வழியாக நுழைந்து ஒரு வழியாக வெளியேறினால் சரி, நடுவில் பிரிந்து சேர்வதை அது தடுப்பதில்லை. இங்கே படம் இரண்டாகப் பிரிந்து, வெவ்வேறு பாதையில் போய், மீண்டும் சேர்கிறது, அவ்வளவுதான். ஆனால் பிறகு வேறு துண்டுகளையும் ஒட்ட வேண்டுமென்றால் பல உள்ளீடுகளை ஏற்கும் 'ஃபில்டர் காம்ப்ளெக்ஸ்' வேண்டும், அதையே எடுத்துக்கொண்டேன். ஃபில்டர்கள் இணையும் வரைபடத்தை, அதாவது கிராஃபை, முதலில் காகிதத்தில் வரைந்துகொண்டேன் (ஸ்ப்ளிட் படத்தைப் பிரதி எடுக்கும், ஸ்கேல் அளவை மாற்றும், கிராப் வெட்டும், பாக்ஸ்பிளர் மங்கலாக்கும், ஓவர்லே ஒன்றின் மேல் ஒன்றை வைக்கும்):

மூலம் → ஸ்ப்ளிட் → [அ] [ஆ]
[அ] → ஸ்கேல் → கிராப் → பாக்ஸ்பிளர் → ஸ்கேல் → [பின்]
[ஆ] → ஸ்கேல் → [முன்]
[பின்] [முன்] → ஓவர்லே → [முடிவு]

இதைக் கட்டளையாக மாற்றுவது எழுத்தர் வேலைதான். ஒரே பாதையில் அடுத்தடுத்து வரும் ஃபில்டர்களுக்கு நடுவே காற்புள்ளி, ஒரு பாதை முடிந்தால் அரைப்புள்ளி, சந்திப்புகளுக்குச் சதுர அடைப்புக்குள் பெயர். அரைப்புள்ளியைப் பார்த்தால் கட்டளையே முடிந்துவிட்டதாக, நாம் தட்டுவதை வாங்கி ஓட்டும் ஷெல் எடுத்துக்கொள்ளும். அதனால் மொத்தத்தையும் மேற்கோள் குறிக்குள் வைக்க வேண்டும். ஒரு ஃபில்டரிலிருந்து வரும் பெயரை ஒரு முறைதான் பயன்படுத்தலாம். இரண்டு இடத்தில் வேண்டுமென்றால் ஸ்ப்ளிட் போட்டே ஆக வேண்டும்.

முன்படத்தின் உயரத்தை 1080 ஆக்கி, அகலத்துக்கு −2 என்று கொடுத்தேன். 1080×1920 படத்துக்குக் கணக்குப்படி வருவது 607.5, −2 அதை இரட்டைப்படை எண்ணான 608 ஆக்கித் தருகிறது. நிறத்தை இரண்டு திசையிலும் பாதி அளவில் வைக்கும் வழக்கமான 4:2:0 அமைப்பில் ஒற்றைப்படை அளவு வந்தால், வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் எச்.264 என்கோடர் ஏற்காது.

பின்னணியை முழு அளவில் மங்கலாக்குவது வீண் உழைப்பு. 480×270க்குச் சுருக்கி, அங்கே மங்கலாக்கி, பிறகு 1920×1080க்கு விரித்தேன். மங்கல் ஃபில்டர் கையாளும் பிக்சல்கள் பதினாறில் ஒரு பங்காகின்றன. விரிக்கும்போது வரும் மென்மையும் மங்கலோடு சேர்ந்துகொள்வதால் இழப்பு எதுவும் தெரியவில்லை. எப்படியும் மங்கப்போகும் படத்துக்குத் துல்லியம் எதற்கு?

தனி வீடியோவாக எல்லாம் சரியாக வந்தது. இதே படத்தை ஏற்கெனவே அகலவாக்கில் இருந்த இன்னொரு துண்டோடு கான்கேட் ஃபில்டரில் ஒட்டப் போனபோதுதான் கிராஃப் முரண்டு பிடித்தது. இரண்டும் 1920×1080தான், ஆனாலும் 'பொருந்தவில்லை' என்றது. பிழைச் செய்தியை நிதானமாகப் படித்தால் காரணம் அதிலேயே இருக்கிறது: ஒன்றின் பிக்சல் விகிதம் (ஒரு பிக்சலின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்) 1:1, மற்றதன் விகிதம் 2559:2560. பின்னணியின் அகலத்தை 480 ஆக்கும்போது உயரம் 853.33 வர வேண்டும். பின்னத்தில் பிக்சல் கிடையாது என்பதால் 853 ஆகிறது. அந்தச் சிறு வித்தியாசத்தை ஸ்கேல் ஃபில்டர் மறைக்காமல் பிக்சலின் வடிவத்தில் எழுதிவைக்கிறது; ஓவர்லே அதை அப்படியே வாங்கிக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத வேறுபாடுதான், ஆனால் கான்கேட் விடுவதாக இல்லை. ஓவர்லேக்குப் பின், பிக்சல் விகிதத்தை நிர்ணயிக்கும் 'செட்சார்' ஃபில்டரில் 1 என்று கொடுத்ததும் வழிக்கு வந்தது. இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. சத்தமில்லாமல் எதையோ நீட்டிச் சுருக்கி வைக்கும் மென்பொருளைவிட இது மேல்.

ஒலியையும் மறக்கக் கூடாது. [முடிவு] என்ற வெளியீட்டை, கோப்புக்குள் எது போக வேண்டும் என்று சொல்லும் மேப் ஆப்ஷனில் குறிப்பிட்டுவிட்டால், தானாகத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் நின்றுவிடுகிறது. ஒலியைத் தனியாக மேப் செய்ய வேண்டும். அதன் கடைசியில் ஒரு கேள்விக்குறி சேர்த்தால், ஒலியே இல்லாத கோப்பிலும் கட்டளை முறியாது. ஒற்றை வீடியோவுக்கு ஒலியை அப்படியே காப்பி செய்யலாம். கான்கேட்டுக்குள் ஒலியும் போனால் காப்பிக்கு வழியில்லை, மறுபடி என்கோட் செய்தாக வேண்டும்.

இப்போது துண்டுகளுக்கு நடுவே, ஒரு படம் மறைய அடுத்தது தோன்றும் எக்ஸ்ஃபேட் ஃபில்டரை முயன்றுகொண்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் சீரான, ஒரே ஃபிரேம் ரேட் (விநாடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) கேட்கிறது. போன் வீடியோக்களில் அது பெரும்பாலும் சீராக இருப்பதில்லை. அதனால் ஒவ்வொரு பாதையிலும் அதைச் சீராக்கும் எஃப்பிஎஸ் ஃபில்டர் சேர்த்தேன். கலப்பு எந்த விநாடியில் தொடங்க வேண்டும் என்ற ஆஃப்செட் கணக்கு இன்னொரு தலைவலி. 8 விநாடித் துண்டும் 6 விநாடித் துண்டும் 1 விநாடி கலந்தால், முதல் ஆஃப்செட் 7, மொத்த நீளம் 13. மூன்றாவது துண்டுக்கு ஆஃப்செட் 12. துண்டுகள் கூடக் கூட இதைக் கையால் போடுவது கட்டுப்படியாகாது. கோப்பின் விவரங்களைச் சொல்லும் எஃப்எஃப்புரோபிடம் நீளங்களைக் கேட்டு, கிராஃபை எழுதித் தரும் ஷெல் ஸ்கிரிப்ட் பாதியில் நிற்கிறது. வீடியோ பக்கம் ஓடுகிறது. ஒலிக்கான அக்ராஸ்ஃபேட் பாதையை இனிமேல்தான் சேர்க்க வேண்டும்.